ஓடைக்கரைக் காடுகள்

சித்திரை, வைகாசி மாதங்களில் இராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோவிலுக்குச் செல்லும் சாலையில் நீங்கள் சென்றிருக்கக் கூடும். அல்லது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போயிருக்கலாம். இரண்டு வழியிலும் காட்சி ஏறத்தாழ ஒன்றேதான். ஊரைத் தாண்டியதும் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் வருகின்றன. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல நிற்கிறது. மலையின் கீழ்ச்சரிவைக் கவனியுங்கள். கோடையில் அது பழுப்பு நிறமாக இருக்கும். புல் காய்ந்து, மரங்கள் இலையுதிர்த்து, பாறைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.

அந்தப் பழுப்பின் நடுவே, மலை மடிப்புகளின் வழியாகக் கரும்பச்சைக் கோடுகள் சில கீழிறங்கி வருவதைக் காணலாம். அவைதான் ஓடைகள். தொலைவிலிருந்து பார்க்கும்போது நீர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கரையில் நிற்கும் மரங்களே ஓடை இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கின்றன.

மலை ஒன்றுதான், மழை ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். அப்படியிருக்க, சரிவில் நிற்கும் மரம் மொட்டையாக நிற்கும்போது, ஐம்பது அடி தள்ளி ஓடைக்கரையில் நிற்கும் மரம் தளிர்விட்டுப் பூப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடை தெரிந்துவிட்டால், இத்தகைய காடுகள் எதனால் வாழ்கின்றன என்பதோடு, எதனால் அழிகின்றன என்பதும் விளங்கிவிடும்.

மழை மறைவு நிலம்

ஆனி முதல் புரட்டாசி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையின் மேற்குப் பக்கத்தில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, அங்கேயே பெரும்பாலான மழையைக் கொட்டிவிடுகிறது. கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றோ வெப்பமடைந்து, வறண்டு போகிறது. இப்பகுதியை மழை மறைவுப் பகுதி என்று நிலவியலார் கூறுவர்.

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இத்தகைய மழை மறைவில் அமைந்தவை. விருதுநகர் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், வடகிழக்குப் பருவக்காற்றால் சில நாள்களில் பெய்து தீர்ந்துவிடுகிறது. 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தையே பாலைவனம் என்பது வழக்கம். எனவே நம் ஊர் பாலைவனம் அன்று. ஆயினும் இங்கு ஆண்டு முழுவதும் வெயிலும் காற்றும் உறிஞ்சிவிடக் கூடிய நீரின் அளவு, பெய்யும் மழையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. வரவு ஒரு பங்கு, செலவு இரண்டு பங்கு என்றால் குடும்பம் எப்படி நடக்கும்? தை மாதம் பிறந்த பிறகு சரிவில் நிற்கும் மரங்களின் நிலைமை அதுதான்.

ஆகவே அம்மரங்கள் சிக்கன வாழ்க்கையை மேற்கொள்கின்றன. உசிலைக்கு மிகச் சிறிய சிற்றிலைகள். கிளுவையும் ஒதியமரமும் கோடையில் இலைகளை அடியோடு உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருக்கின்றன. சதுரக்கள்ளி இலையை ஏறத்தாழக் கைவிட்டு, பச்சைத் தண்டிலேயே உணவு தயாரிக்கிறது. இவை எல்லாம் வானத்தை நம்பி வாழும் தாவரங்கள். ஓடைக்கரை மரங்கள் வானத்தை நம்புவதில்லை. அவை நம்புவது வேறொன்றை.

மணல் என்னும் குதிர்

கோடையில் வறண்ட ஆற்றில் ஊற்றுத் தோண்டி நீர் எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே மணல் கால் வைக்க முடியாதபடி சுடும். இரண்டு, மூன்று அடி தோண்டினால் ஈரம் தென்படும். இன்னும் சற்றுத் தோண்டினால் பக்கங்களிலிருந்து தெளிந்த நீர் கசிந்து வரும். ஒரு குடம் மொண்டு எடுத்த பின் சிறிது நேரம் பொறுத்தால் மீண்டும் ஊறிவிடும். ஆறு வற்றிவிட்டது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது மணலுக்குள் இறங்கி, அங்கே மிக மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மணல் எவ்வளவு நீரைத் தாங்கும்? மணற்பரல்களுக்கு இடையே உள்ள இடுக்குகளை எல்லாம் கூட்டினால், மொத்தக் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். அதாவது, ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள மணலில் ஏறத்தாழ 300 லிட்டர் நீர் தங்க முடியும். குதிரில் கொட்டிய நெல்லைப்போல அது பத்திரமாகவும் இருக்கிறது. களிமண்ணாக இருந்தால் அதன் நுண்ணிய இடுக்குகளின் வழியாக நீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலேறி ஆவியாகிவிடும். பருமணலில் இடுக்குகள் பெரியவை. ஆகையால் நீர் அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. நீர்மட்டம் மணலின் மேற்பரப்பிலிருந்து ஒரு மீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால், வெயில் அதை உறிஞ்சுவது பெரும்பாலும் நின்றுபோகிறது. மேலே உள்ள காய்ந்த மணலே கீழே உள்ள நீருக்கு மூடியாகிறது.

மலையடிவாரம் இதற்கு மிகவும் ஏற்ற இடம். மலை முழுதும் கடினப் பாறை. அதில் நீர் அதிகம் தங்காது. ஆனால் மலை உச்சியிலிருந்து வெள்ளம் பல்லாயிரம் ஆண்டுகளாக உருட்டி வந்த உருண்டைக் கற்களும் கூழாங்கற்களும் மணலும், சரிவு முடியும் இடத்தில் வேகம் குறைந்து படிந்திருக்கின்றன. மேல்மலைகளில் உள்ள அடர்ந்த காடுகள் மழைநீரைப் பிடித்துச் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. அந்தக் கசிவு இந்த மணற்படுகையில் வந்து சேர்கிறது. ஓடைக்கரை மரத்தின் வேர், ஐந்தாறு மைல் தொலைவில் எப்போதோ பெய்த மழையைத்தான் இன்று குடித்துக்கொண்டிருக்கிறது.

ஓடைக்கரைக் காட்டின் முதல் விதி இதுதான்: தலைக்கு மேல் பெய்யும் மழையைவிடக் காலுக்கடியில் ஓடும் நீரே அதற்கு முக்கியம். ஆகையால் அடிநீர் எட்டும் தூரம் வரைதான் இக்காடு பரவ முடியும். சில இடங்களில் இருபது மீட்டர், சில இடங்களில் ஐம்பது, அறுபது மீட்டர் அகலம். அதற்கப்பால் மீண்டும் முட்புதரும் காய்ந்த புல்லும்தான். நீளமோ பல கிலோமீட்டர். ஒரு நாடாவைப்போன்ற காடு இது.

கரையில் நிற்கும் மரங்கள்

இந்த நாடாவில் நிற்கும் மரங்கள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவையே. வழுவழுப்பான வெளிர்நிறப் பட்டையுடன் ஓங்கி நிற்பது நீர்மருது. அதனுடன் புங்கு, நாவல், அத்தி, இலுப்பை, மா, புளி முதலியன நிற்கின்றன.

இவற்றுக்கு இரண்டு எதிரெதிரான சோதனைகள் உண்டு. கார்த்திகையில் வெள்ளம் வந்து அடிமரத்தைச் சுற்றி நீர் நிற்கும். அப்போது மண்ணில் உள்ள காற்று வெளியேறிவிடுவதால் சாதாரண மரங்களின் வேர்கள் மூச்சுத் திணறி அழுகிவிடும். வைகாசியிலோ நீர்மட்டம் பல அடி இறங்கிவிடும். இந்த இரண்டையும் தாங்கும் வேர் அமைந்த மரங்களே கரையில் நிலைக்கின்றன. மேலாகப் பரவும் வேர்கள் கரை மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. ஆழ இறங்கும் வேர்கள் தாழ்ந்து செல்லும் நீர்மட்டத்தைப் பின்தொடர்கின்றன.

விதைகளும் இவ்விடத்துக்கு ஏற்றபடி அமைந்துள்ளன. நீர்மருதுக் காய்க்கு ஐந்து சிறகு போன்ற விளிம்புகள் உண்டு. புங்கங்காய் படகுபோல மிதக்கும். இரண்டையும் நீர் சுமந்து சென்று கரையில் ஒதுக்குகிறது. நாவல், அத்தி ஆகியவற்றின் பழங்களைப் பறவைகள் தின்று விதைகளை எச்சத்துடன் தூவுகின்றன. இலுப்பைப் பழத்தைப் பழந்தின்னி வௌவால் தூக்கிச் சென்று வேறொரு மரத்தில் தொங்கியபடி தின்று கொட்டையைக் கீழே போடுகிறது.

மேலும், இம்மரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் காய்ப்பதில்லை. பங்குனி, சித்திரையில் இலுப்பை பூக்கிறது. சித்திரையிலிருந்து மாம்பழம். ஆனி, ஆடியில் நாவற்பழம். அத்திக்கோ குறிப்பிட்ட பருவம் கிடையாது. ஏதாவது ஒரு மரத்தில் ஏதாவது ஒரு மாதத்தில் பழம் இருந்துகொண்டே இருக்கும். சரிவுக் காடு பட்டினி கிடக்கும் மாதங்களிலும் ஓடைக்கரையில் பந்தி நடக்கிறது. காட்டு விலங்குகளும் பறவைகளும் கோடையில் இங்கு வந்து கூடுவதற்கு நீர் மட்டுமே காரணம் அன்று.

வெள்ளம் பகையா, நட்பா?

ஆற்றோரத்து மரம் நிலையில்லாதது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது உண்மையே. மலையோடைகளின் வெள்ளம் முன்னறிவிப்பின்றி வரும். கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே மேல்மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் பெருகி வந்துவிடும். 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே சதுரகிரி மலையின் ஓடையில் இப்படித் திடீரெனப் பாய்ந்த வெள்ளத்தில் கோவிலுக்குச் சென்ற பக்தர்கள் சிலர் உயிரிழந்ததை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மனிதனையும் பாறையையும் உருட்டும் வெள்ளம் மரத்தை விட்டுவைக்குமா?

ஆனால் தனி மரத்துக்குப் பகையான வெள்ளம் காட்டுக்கு நட்பாகிறது. முதிர்ந்த மரம் ஒன்று சாய்ந்தால் அந்த இடத்தில் வெயில் தரையில் விழுகிறது. வெள்ளம் வடியும்போது புது மணலும் வண்டலும் படிகின்றன. அந்த ஈர மண்ணில், மேலிருந்து மிதந்து வந்த விதைகள் முளைக்கின்றன. நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்க இறங்க, இளங்கன்றின் வேரும் அதைத் துரத்திக்கொண்டு இறங்குகிறது. அந்த ஓட்டத்தில் வென்ற கன்று மரமாகிறது. பின்தங்கியது கோடையில் காய்ந்துவிடுகிறது. ஆக, மரம் நிலையில்லாதது, காடு நிலையானது. அந்த நிலைத்தன்மையைத் தருவதும் வெள்ளமே.

காடு ஓடைக்குத் தருவது

இதுவரை ஓடை காட்டுக்குத் தருவதைப் பார்த்தோம். காடு ஓடைக்கு என்ன தருகிறது?

முதலாவது, நிழல். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக்கொண்டே மீன்களும் தட்டான்பூச்சியின் இளவுயிரிகளும் உயிர்வாழ்கின்றன. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். கோடையில் ஓடை அறுபட்டுச் சிறு சிறு மடுக்களாகத் தேங்கி நிற்கும்போது, இந்த ஒன்றரை மில்லிகிராம் வேறுபாடுதான் மீன்களின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்யக் கூடும். கரைமரத்தின் நிழல் அந்த மடுவின் மேல் விழுந்தாக வேண்டும்.

இரண்டாவது, உணவு. அடர்நிழலில் ஓடும் சிற்றோடையில் பாசி அதிகம் வளராது. அங்குள்ள நீர்ப்பூச்சிகளுக்கு உதிர்ந்த இலையே முதல் உணவு. இலை நீரில் ஊறும். நுண்ணுயிர்கள் அதன்மேல் படரும். பூச்சிகள் அதைக் கறுமுறுவென்று அரித்துத் தின்னும். பூச்சிகளை மீன் தின்னும். மீனை மீன்கொத்தி தின்னும். ஒரு புங்க இலையிலிருந்து மீன்கொத்தி வரை இச்சங்கிலி செல்கிறது.

மூன்றாவது, கரைப்பாதுகாப்பு. வேர்கள் மண்ணைப் பிணைக்கின்றன. அடிமரங்களும் தூர்களும் வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கின்றன. வேகம் தணிந்த நீருக்கு மணலில் இறங்க அவகாசம் கிடைக்கிறது. மணல் என்னும் குதிரை நிரப்பும் வேலையில் மரமும் இவ்வாறு பங்கு கொள்கிறது.

தரையிறங்க அஞ்சும் அணில்

இந்தக் காட்டை நம்பி வாழ்வதில் தலையாயது நரை அணில். சாம்பல்நிற அணில் என்றும் இதைச் சொல்வார்கள். வீட்டு முற்றத்தில் ஓடும் மூன்று வரி அணிலை மனத்தில் கொண்டு இதைப் பார்த்தால் வியப்படைவீர்கள். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடை. உடல் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளம். வாலும் ஏறத்தாழ அதே நீளம். பழுப்புக் கலந்த சாம்பல்நிற உரோமங்களின் நுனி வெளுத்திருப்பதால் நரைத்தது போன்ற தோற்றம். இவ்வினம் உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ளது.

தென்னிந்தியாவில் இது எங்கெங்கே வாழ்கிறது என்று பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவார ஓடைகள். மூணாறுக்கு வடகிழக்கே மழை மறைவில் உள்ள சின்னாறு. கர்நாடகத்தின் காவிரிக் கரைக் காடுகள். இவை முக்கியமான இடங்கள். எல்லாம் வறண்ட நிலத்தின் நடுவே ஓடும் நீரோட்டங்களின் கரைகள். ஓடைக்கரைக் காடு என்னும் நாடா எங்கே செல்கிறதோ அங்கேதான் இந்த அணிலும் செல்கிறது.

காரணம் எளிது. இந்த அணில் மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழ்கிறது. தரையில் நாயும் சிறுத்தையும் உண்டு. வானத்தில் கழுகு உண்டு. அடர்ந்த கிளைகளுக்குள் இருக்கும்வரைதான் அதற்குப் பாதுகாப்பு. ஆகையால் ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடும் இடமே அதன் பாதை. இலைகளாலும் சுள்ளிகளாலும் பந்துபோன்ற கூட்டைக் கட்டும்போதும், கிளைகள் பின்னிக் கிடக்கும் மரமாகவே தேர்ந்தெடுக்கிறது. ஆபத்து வந்தால் தப்பி ஓடப் பல திசைகளிலும் வழி இருக்க வேண்டுமல்லவா? ஓர் அணிலே ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளையும் வைத்துக்கொள்கிறது.

இந்த அணிலைக் காப்பதற்காகவே 1988ஆம் ஆண்டில் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் அதனுடன் மேகமலைப் பகுதியும் சேர்க்கப்பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாக விரிவடைந்தது. மலையின் இப்புறம் வைப்பாற்றுக்கும் அப்புறம் வைகைக்கும் நீர் தரும் காடுகள் இக்காப்பகத்தில் அடங்குகின்றன. நரை அணில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. சட்டம் தரக் கூடிய மிக உயர்ந்த பாதுகாப்பு அது.

நாடா அறுந்தால்

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓடை ஒன்றின் கரையில் 10 கிலோமீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் உள்ள காடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு 60 ஹெக்டேர். அதன் நடுவில் 30 மீட்டர் நீளத்துக்கு மட்டும் மரங்களை வெட்டி, ஒரு பாதையோ தோப்போ அமைக்கிறார்கள். அழிந்த பரப்பு எவ்வளவு? 1800 சதுர மீட்டர். ஏறத்தாழ 45 சென்ட். மொத்தக் காட்டில் ஆயிரத்தில் மூன்று பங்குதான். ஏட்டில் பார்த்தால் பொருட்படுத்த வேண்டாத இழப்பு.

அணிலின் கண்ணால் பாருங்கள். 30 மீட்டர் இடைவெளியை அதனால் தாண்டிக் குதிக்க முடியாது. தரையில் இறங்கி ஓடினால் நாய் காத்திருக்கிறது. ஒரு காடு இரண்டு காடாகிவிட்டது. மேல்பாதியில் அத்தி பழுக்காத மாதத்தில் கீழ்ப்பாதிக்கு வர முடியாது. இந்தப் பக்கத்து அணில் அந்தப் பக்கத்து அணிலோடு இணை சேர முடியாது. சிறு கூட்டங்கள் பிரிந்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கி, நோயோ தீயோ பஞ்சமோ வரும்போது ஒவ்வொன்றாக மறைந்துவிடும்.

வட்டமான ஒரு பெருங்காட்டில் நடுவே 45 சென்ட் அழிந்தால் விலங்குகள் சுற்றிக்கொண்டு போகும். நாடாபோன்ற காட்டில் சுற்றிப் போக வழியில்லை. பரப்பளவைக்கொண்டு காட்டை அளக்கும் நம் பழக்கம் ஓடைக்கரையில் செல்லாது என்பதை இதிலிருந்து அறியலாம். இக்காட்டின் உயிர் அதன் தொடர்ச்சியில் இருக்கிறது.

மேலும் ஒரு சிக்கல் உண்டு. சரணாலயத்தின் எல்லை மலையடிவாரத்தோடு முடிந்துவிடுகிறது. ஓடை அங்கே முடிவதில்லை. அது தோப்புகளுக்குள் நுழைந்து, கண்மாய்களை நிரப்பிவிட்டு வைப்பாற்றை நோக்கிச் செல்கிறது. அணிலும் எல்லைக்கல்லைப் பார்ப்பதில்லை. மாமரமும் தென்னையும் கிளை கோத்து நிற்கும் தோப்புகள் அதற்குக் காட்டின் தொடர்ச்சியே. அது மாங்காயைக் கடிக்கிறது. இளநீரைத் துளையிட்டுக் குடிக்கிறது. தோப்புக்காரருக்கு இழப்பு உண்மையானது. அவரை வில்லனாக்கிவிட்டு அணிலைக் காப்பாற்ற முடியாது. அவர் தோப்பின் வழியாகத்தான் அணிலின் பாதை செல்கிறது.

பாலை நாடுகளின் அனுபவம்

இத்தகைய காடுகள் நம் நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. உண்மையான பாலைவனங்களிலும் ஆற்றோரக் காடுகள் உண்டு. அங்கே மழை மிகவும் குறைவு என்பதால், இக்காடுகளின் விதிகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.

சீனாவின் மேற்கே தாக்லமகான் பாலைவனத்தின் ஓரமாகத் தாரிம் ஆறு செல்கிறது. அதன் கரையில் ஒருவகை பாப்லர் மரங்கள் காடாக வளர்ந்திருந்தன. தெற்கே நகரும் மணல். நடுவே இந்தப் பசுமை நாடா. மேலே பாசனத்துக்காக நீர் எடுக்கப்பட்டு, 1972இல் ஒரு நீர்த்தேக்கமும் கட்டப்பட்ட பின், அதற்குக் கீழே 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்கு ஆறு வறண்டது. மரங்களை யாரும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. நிலத்தடி நீர் வேர்களுக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கியதும் காடு தானாகவே காய்ந்தது. 2000ஆம் ஆண்டு முதல் சீன அரசு நீர்த்தேக்கத்திலிருந்து ஆண்டுதோறும் நீர் திறந்துவிடத் தொடங்கியது. ஆற்றோரத்தில் நீர்மட்டம் உயர்ந்தது. காய்ந்து நின்ற மரங்களில் பல மீண்டும் தளிர்த்தன.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிடைத்த அனுபவம் வேறு. அங்கே கரையோர மரங்களின் விதைகள் பஞ்சுபோலப் பறக்கும். சில வாரங்களே உயிருடன் இருக்கும். வெள்ளம் வடிந்த ஈர மணலில் அதற்குள் விழுந்தால்தான் முளைக்கும். அணைகள் வெள்ளத்தைத் தடுத்துவிட்டபின், பழைய மரங்கள் முதிர்ந்து சாகப் புதிய கன்றுகள் தோன்றவில்லை. 2014ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அமெரிக்காவும் மெக்சிகோவும் உடன்பட்டு, ஏறத்தாழ எட்டு வார காலம் வறண்ட கழிமுகத்துக்கு நீர் திறந்துவிட்டன. செயற்கை வெள்ளம் சென்ற வழியில் இளங்கன்றுகள் முளைத்தன.

முதல் அனுபவம் அடிநீரின் தேவையைக் காட்டுகிறது. இரண்டாவது வெள்ளத்தின் தேவையைக் காட்டுகிறது. நம் அணிலோ தொடர்ச்சியின் தேவையைக் காட்டுகிறது.

மரம் நீரைக் குடித்துவிடாதா?

நியாயமான ஐயம் ஒன்று எழலாம். ஒரு பெரிய மரம் நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேலும் நீரை உறிஞ்சி இலைகளின் வழியாக ஆவியாக்க முடியும். நீருக்குத் தவிக்கும் ஊரில் இவ்வளவு மரங்கள் ஓடையோரம் நின்று குடிப்பது வீண் செலவு அல்லவா?

மரம் நீரைக் குடிப்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மரத்தை நீக்கினால் அந்நீர் அப்படியே மிஞ்சும் என்று எண்ணுவது தவறு. நிழல் போனால் ஓடையும் மடுக்களும் நேரே வெயிலில் காய்கின்றன. காலியான இடத்தில் புதர்கள் பெருகுகின்றன. அவையும் நீரைக் குடிக்கும். வேர் போனால் கரை அரிக்கிறது. அரித்த மண் கீழே கண்மாயிலும் நீர்த்தேக்கத்திலும் வண்டலாகப் படிந்து, அவற்றின் கொள்ளளவைக் குறைக்கிறது. இராஜபாளையத்தின் குடிநீருக்கான ஆறாவது மைல் நீர்த்தேக்கம் அய்யனார் கோவில் ஆற்று நீரைத்தான் நம்பியிருக்கிறது. அந்த ஆறு தெளிந்து வருவதா, கலங்கிச் சேறாய் வருவதா என்பது மலையிலும் கரையிலும் நிற்கும் மரங்களைப் பொறுத்தது. மரம் குடிக்கும் நீரை, அது செய்யும் வேலைக்குரிய கூலி என்று கொள்ளலாம்.

ஆயினும் மணலே போய்விட்டால் மரத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. மணலை அள்ளுவது குதிரையே பெயர்த்து எடுத்துச் செல்வதற்கு ஒப்பாகும். அதன்பின் வெள்ளம் வந்தாலும் தங்க இடமில்லை. ஓடைக்கு அருகே ஆழ்துளைக் கிணறுகளை இடைவிடாது இறைப்பதும், குதிரின் அடியில் ஓட்டை போடுவது போன்றதே.

நம் கையில் இருப்பது

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. தோப்பு வைத்திருப்பவர்கள் ஓடையோரமாக ஒரு வரிசை மருதையும் புங்கையும் நாவலையும் விட்டுவைக்கலாம்; இடைவெளி இருந்தால் கன்று நடலாம். ஆற்றோரத்தில் பட்டுப்போன மரம்தானே என்று வெட்டுவதற்கு முன், அதில் கூடு இருக்கிறதா, அது இரண்டு மரங்களை இணைக்கும் பாலமா என்று அண்ணாந்து பார்க்கலாம். பாதை அமைக்கும் இடத்தில், மேலே கிளைகள் கோத்து நிற்கும்படி விட்டு வளைத்துச் செல்லலாம். கோவிலுக்கும் அருவிக்கும் செல்வோர் நெகிழிப் பைகளையும் பழந்துணிகளையும் ஓடையில் விடாமல் திரும்பலாம். அணிலால் விளைச்சல் இழக்கும் தோப்புக்காரருக்கு உரிய ஈடு காலத்தில் கிடைக்கும்படி அரசு பார்த்துக்கொள்ள வேண்டும். அவருடைய பொறுமையில்லாமல் இந்த அணிலுக்கு வாழ்வில்லை.

படிக்கும் மாணவர்கள் ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். உங்கள் ஊரில் நீரோட்டத்தின் கரையில் நிற்கும் புங்கமரத்தில், இலைகள் நிறைந்த சிறு கிளை ஒன்றைத் தெளிவான நெகிழிப் பையால் மூடி, வாயைக் கட்டிவிடுங்கள். அதே அளவுள்ள மற்றொரு பையை, கரைக்கு அப்பால் மேட்டில் நிற்கும் ஒரு மரத்தின் கிளையில் கட்டுங்கள். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டு பைகளிலும் உட்புறம் நீர்த்துளிகள் படிந்திருக்கும். எதில் அதிகம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பைகளை அவிழ்த்து எடுத்துவிடுங்கள்.

கரைமரத்துப் பையில் திரண்டிருக்கும் அந்தச் சில துளிகள், சென்ற ஐப்பசியில் மலைமேல் பெய்து, பாறையிடுக்கில் கசிந்து, மணலில் இறங்கி, இருளில் ஊர்ந்து வந்து, வேரில் ஏறி, இலையில் வெளிப்பட்ட மழைநீர். வானத்தில் மேகமே இல்லாத கோடையிலும் கரையில் பச்சை இருப்பதன் இரகசியம் அதுதான்.